ரொஸ்னா தின்ன வேண்டிய பத்து வகை

என் தங்கச்சி மகள் ரொஸ்னாவுக்கு ஆறு வயதாகும் வரை அவள் சாப்பிட்டது மொத்தம் மூன்று சாமான்கள்: வெள்ளைச் சோறு, சீனி, டின் பால். சோற்றில் சீனியைப் போட்டு அதன்மேல் பாலை ஊற்றிக் கொடுத்தால் நான்கு கவளம் இறங்கும். பாலை முதலில் ஊற்றிவிட்டுச் சீனியைப் போட்டால் இறங்காது. அது வேறு சாப்பாடாம்.

இதைச் சொல்கிற நான் பண்டாரி இப்ராஹிம். பினாங்கில் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம், மவுலிது, காதுகுத்து எதுவானாலும் பெரிய சட்டி வைத்து ஆக்குகிறவன் நான்தான். என் பிரியாணியைத் தின்றுவிட்டுக் கை கழுவ மனமில்லாமல் விரலை முகர்ந்துகொண்டே வீட்டுக்குப் போனவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அப்படிப்பட்டவனின் மருமகள் சீனிச் சோறு தின்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் வருகிற எவனும் என் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. "மருமவ இன்னும் சீனிதானா பண்டாரி?" என்றுதான் கேட்பான்.

என் மச்சான், தங்கச்சி புருஷன் ஷேக் அலாவுதீன் பெரிய ஆள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் கிராம்பு, சாதிக்காய், மிளகு மொத்த வியாபாரம். மூட்டை மூட்டையாக வாசனைச் சரக்கு விற்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு மிளகு என்றால் அது ஏதோ ஊர்கிற பூச்சி.

சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த வீட்டில் ஊர்வலம் கிளம்பும். என் தங்கச்சி சித்தி ஹாஜரா கிண்ணத்தோடு முன்னால் போவாள். வீட்டு வேலை பார்க்கும் ஹமீதா தண்ணீர்ச் செம்போடு பின்னால் போவாள். மாடிப்படி, கட்டிலடி, கிணற்றடி என்று மூன்று சுற்று முடிந்தால் ஒரு கவளம் உள்ளே போயிருக்கும். அதற்குள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. ஓதின தண்ணீர் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சின்னையா கொடுத்த மீன் எண்ணெயை அவருடைய வெள்ளைக் கால்சட்டை மேலேயே அவள் கக்கியும் ஆயிற்று. "தின்னாட்டி மாத்தா-மாத்தா வந்து பிடிச்சிட்டுப் போவான்" என்று ஹமீதா பயமுறுத்தினாள். ஒருநாள் கடைக்கு மிளகு வாங்க உண்மையிலேயே ஒரு மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர், வந்தார். ரொஸ்னா நேரே அவரிடம் போய், எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று மலாயில் கேட்டாள். அந்த மனிதர் பயந்துபோய் மிளகு வாங்காமலே திரும்பினார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ரபீயுல் அவ்வல் மாதப் பிறை கண்ட மறுநாள் வரை. அன்றைக்கு என் மச்சான் சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில் தீர்ப்புச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"ஹாஜரா, நல்லா கேட்டுக்க. இந்த மாசக் கடைசியில நாகப்பட்டினம் கப்பல் போவுது. அதுக்குள்ள இவ என் கண்ணு முன்னால பத்து வகை தின்னு காட்டணும். இல்லாட்டி நாகூர்ல எங்க லாத்தா வீட்டுக்கு அனுப்பிருவேன். கடுதாசி போட்டாச்சு."

"எத்தன நாளைக்கு?" என்றாள் ஹாஜரா.

"நாளா? வளந்து வரட்டும். நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தது போதும்லா."

மச்சானின் அக்காவான அந்த லாத்தாவை எனக்குத் தெரியும். ஒரு கையில் கவளமும் மறு கையில் பனைமட்டையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊட்டுகிறவள். அவள் பிள்ளைகள் எல்லாம் தின்பார்கள். சோற்றுச் சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டால் அழவும் செய்வார்கள். ஹாஜராவுக்கு ரொஸ்னாவை விட்டால் வேறு பிள்ளை இல்லை. அன்று மத்தியானம் அவள் சமையலறையில் என் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். என் தங்கச்சி அழுது நான் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவள் புருஷனை அடிக்க முடியாது. அதனால் சமைத்தேன்.

அடுத்து வந்த நான்கு நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நெய்ச்சோறு, கோழிக் குருமா, இறால் வறுவல், முட்டைப் பணியாரம் என்று வீட்டையே கல்யாண வீடாக்கினேன். உருளைக்கிழங்கை மீன் மாதிரி செதுக்கினேன். காரட்டைப் பூவாக வெட்டினேன். ஒரு கவளம் தின்றால் கண்ணாடி வளையல் என்றேன். ரொஸ்னா தட்டைப் பார்ப்பாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோவாள். ஒரு பருக்கையை எடுத்து நாக்கு நுனியில் வைத்து, முகத்தைச் சுளித்து, வெளியே எடுத்துத் தட்டோரத்தில் வைப்பாள்.

"நெய் பழசு மாமு" என்றாள் ஒருநாள்.

அன்று காலையில் என் கண்ணெதிரே உருக்கிய நெய். இருபது வருஷமாக ஆக்கிப் போடுகிறவனிடம் ஒரு முழ உயரப் பிள்ளை நெய் பழசு என்கிறது. எனக்கு வந்த கோபத்தில் நானே அந்தத் தட்டைத் தின்று தீர்த்தேன். வளையலையும் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள், நபி புகழ் ஓதுகிற ஒரு மவுலிது விருந்துக்குக் கிராம்பு வாங்க மச்சான் கடைக்குப் போனேன். பாலிக் புலாவிலிருந்து ஒரு சீனக் கிழவர் கிராம்பு மூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். மச்சான் ஒரு கிராம்பை எடுத்தார். முகர்ந்தார். பல்லில் கடித்தார். உடனே முகத்தைச் சுளித்துத் துப்பினார். ஈரம், பூஞ்சணம், காம்பு அதிகம், போன வருஷத்துச் சரக்கு என்று நான்கு குறை சொன்னார். கிழவர் விலையைக் குறைத்தார். மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டார். கிழவர் இன்னும் குறைத்து, மேலே ஒரு படி சாதிக்காயும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தெருவில் இறங்கியதும் மச்சான் அதே மூட்டையிலிருந்து ஒரு கிராம்பை என் உள்ளங்கையில் வைத்தார். "முதல் தரம் மச்சான். இப்புடிச் சரக்கு இந்த வருஷத்துல வரல. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வாயில வந்துச்சோ, வியாபாரம் போச்சு."

பக்கத்தில் மிளகு மூட்டை மேல் ரொஸ்னா உட்கார்ந்திருந்தாள். அவளை நான் அப்போதுதான் கவனித்தேன். அவளும் ஒரு கிராம்பை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். அதே சுளிப்பு. இடது புருவம் மட்டும் மேலே போகிற அதே அலாவுதீன் சுளிப்பு. மச்சான் பெருமையோடு அவள் தலையைத் தடவினார்.

கிராம்பை வாங்காமலே தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"ஹாஜரா, உன் மாப்புள தினமும் சோத்துக்கு உக்காந்ததும் என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரு, மூடியத் தொறந்து மோந்து பாப்பாரு. புளி அதியம், உப்புக் கம்மி, மீன் நேத்தையதும்பாரு. அப்புறம் தட்டத் தள்ளுவாரு. நான் ஓடிப்போயி முட்டை பொரிச்சிக் கொண்டாருவேன். அப்பளம் சுடுவேன். அப்புறம் எல்லாத்தையும் சேத்துத் தின்னுட்டுப் போவாரு."

"கலியாணம் ஆன நாள்லேருந்தா?"

"ஒம்பது வருசமா நானா" என்றாள். எங்களில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

விஷயம் அவ்வளவுதான். பிள்ளைக்கு நோயும் இல்லை, திருஷ்டியும் இல்லை. காலையில் கடையிலும் மத்தியானம் வீட்டிலும் ஒரே பாடத்தை அவள் கண்ணால் படித்திருக்கிறாள். எது வந்தாலும் முதலில் குறை சொல்ல வேண்டும். சொன்னால் எதிரில் இருப்பவர் பதறிப்போய் இன்னும் கொண்டுவருவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பதறினோம். நான் காரட்டில் பூ வெட்டியதெல்லாம் அந்தக் கிழவர் மேலே போட்டுக் கொடுத்த சாதிக்காய் மாதிரிதான். என்னையே ஆறு வயதுப் பிள்ளை விலை பேசியிருக்கிறது.

"அவருட்ட சொல்லுங்களேன் நானா" என்றாள் ஹாஜரா.

"எதச் சொல்ல? ஒங்க மவ ஒங்கள மாதிரியே இருக்கான்னா? சந்தோசப்படுவாரு."

அவரிடம் சொல்லவில்லை. நான் ஆக்கப்போகிற அந்த மவுலிது விருந்துக்கு ரொஸ்னாவை அழைத்து வரச் சொன்னேன்.

எங்கள் விருந்தில் தனித்தட்டு கிடையாது. சகன் என்கிற பெரிய தாம்பாளத்தில் பிரியாணிச் சோற்றைக் குவித்து நடுவில் கறியும் ஓரத்தில் தாளிச்சாவும் வைப்போம். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்ன வேண்டும். பணக்காரன், தோணி தள்ளுகிறவன் எல்லோருக்கும் அதே தாம்பாளம்தான். ஆனால் ரொஸ்னா மட்டும் எந்த விருந்திலும் சகனில் உட்கார்ந்ததில்லை. பெரிய கடைக்காரர் மகளாயிற்றே. வீட்டிலிருந்து சீனியும் டின் பாலும் கொண்டுவந்து, ஒரு மூலையில் நாற்காலி போட்டு, நான்கு பெண்கள் சூழ்ந்து நின்று ஊட்டுவார்கள். கூடி உண்பதற்கென்றே ஏற்பட்ட வழக்கத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை தின்ன மாட்டேன் என்கிறது என்று தனியாக உட்கார்த்தி வைத்த புத்திசாலிகள் நாங்கள். அதில் நானும் சேர்த்திதான்.

சிறுபிள்ளைகளுக்கு அடுப்புக் கொட்டகைக்குப் பக்கத்தில் பாய் விரிப்பது வழக்கம். தோணிக்காரர் வீட்டு நான்கு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்த சகனில் ஐந்தாவதாக ரொஸ்னாவை உட்கார வைத்தேன். அவர்களில் பெரியவள் நோர்மா, எட்டு வயது. பசி என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாஜராவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

"தின்னுன்னு ஒரு வார்த்த ஒன் வாயிலேருந்து வரக்கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது."

"பட்டினி கெடந்தா?"

"கெடக்கட்டும். ஒரு வேள."

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயக் கூடையின் முன்னால் உட்கார்ந்தாள். உரிக்க வேண்டிய வெங்காயம் ஒன்றுகூட இல்லை. உரித்ததையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சகன் வந்தது. ரொஸ்னா முகர்ந்தாள். ஒரு பருக்கையை நாக்கில் வைத்து எடுத்தாள். "நெய் பழசு" என்றாள், யாராவது ஓடி வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே.

நோர்மா வாய் நிறையச் சோற்றோடு அவளைப் பார்த்தாள். "ஒனக்கு வேணாமா?"

"வேணாம்."

"அப்ப நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரொஸ்னா பக்கத்துக் கறித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் நிமிரக்கூட இல்லை.

ரொஸ்னாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் எதையாவது வேண்டாம் என்று சொல்லி, அது உண்மையிலேயே இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். தாயைத் தேடினாள். முதுகுதான் தெரிந்தது. தாம்பாளத்தில் அவள் பக்கத்துச் சோறும் கரைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு இருந்தவள், கடைசியில் தாளிச்சாவில் கிடந்த ஒரு கத்தரிக்காய்த் துண்டை, வேறு யாரும் எடுத்துவிடுவதற்கு முன்னால், எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். முழுங்கினாள்.

என் பிரியாணியைத் தின்னவில்லை. பருப்பில் வெந்து குழைந்த ஒரு கத்தரிக்காய்தான் அவள் நாக்குக்கு முதல் விருந்து. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வெங்காயக் கூடையின் முன்னால், ஓரக்கண்ணால் பார்த்துவிட்ட என் தங்கச்சியின் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் அந்த வருத்தம் போய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம், மச்சான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நோர்மாவும் தங்கச்சிகளும் ஹாஜரா வீட்டுக்கு வந்தார்கள். ஒரு சகன். தெரிந்த சோற்றோடு தெரியாதது ஒன்று, ஓரமாக, கொஞ்சம். தின்றால் சபாஷ் கிடையாது, தின்னாவிட்டால் புலம்பல் கிடையாது. இதில் மிகவும் கஷ்டப்பட்டவள் ஹாஜராதான். பழக்கதோஷத்தில் "தி..." என்று ஆரம்பித்துவிட்டு, என் கண்ணைப் பார்த்ததும் "திரும்பி உக்காரு புள்ள" என்று முடிப்பாள். முருங்கைக்கீரை நான்கு நாள் மூக்கு வரைதான் போனது, ஐந்தாம் நாள் வாய்க்குள் போனது. மீன் சீக்கிரம் பழகியது. அவித்த முட்டையில் மஞ்சளைத் தின்று வெள்ளையை நோர்மாவிடம் தள்ளினாள், பிறகு வெள்ளையும் சேர்ந்தது. பாகற்காயைக் கடைசி வரை தொடவில்லை. அதற்காக நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடிக்காது.

கப்பல் போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது மச்சான் சோதனைக்கு வந்தார். கப்பல் டிக்கெட்டு சட்டைப்பையிலேயே இருந்தது, பாதி வெளியே தெரிகிற மாதிரி. அவர் இருக்கும்போது தோணிக்காரப் பிள்ளைகள் வர முடியாது. அதனால் சகனில் ரொஸ்னா, ஹாஜரா, நான் என்று மூன்று பேர் உட்கார்ந்தோம். அவருக்கு வழக்கம்போலத் தனித்தட்டு.

மச்சான் மீன் குழம்பின் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். இடது புருவம் மேலே போனது. "புளி தூக்கலா இருக்கு" என்று தட்டைத் தள்ளினார்.

அதே மீனைக் கையில் எடுத்திருந்த ரொஸ்னா அப்படியே நிறுத்திவிட்டு வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அந்த வேண்டாத பழக்கத்தை விட்டவள், அதைக் கற்றுக்கொடுத்தவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஹாஜரா இடத்தை விட்டு எழவில்லை. முட்டை பொரிக்க ஓடவும் இல்லை.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு வாப்பா" என்று சொல்லிவிட்டு ரொஸ்னா மீனைத் தின்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். கீரை, கத்தரிக்காய், முட்டை, தேங்காய்த் துவையல் என்று பத்தையும் தின்று, பதினொன்றாவதாக என் பிரியாணியிலும் ஒரு கவளம் எடுத்தாள். அதைத் தின்ற பிறகு விரலை நக்கினாளா என்று பார்த்தேன். நக்கினாள்.

மச்சான் சும்மா இருப்பாரா? சரக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லையே.

"கீரையெல்லாம் ஒரு வகையா? தாளிச்சாவுல கெடந்த கத்தரிக்காயத் தனியா சேக்கக் கூடாது. முட்டையில மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணுதான். பாத்தா ஆறுதான் வருது. அதுவும் கூலிக்காரன் வீட்டுப் புள்ள மாதிரி அள்ளி அள்ளித் திங்கிறா. நாகூர்ல போயி ஒழுங்காத் திங்கப் படிக்கட்டும்லா" என்றார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, நல்லதாக இருந்திருக்காது. ஆனால் ஹாஜரா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் புருஷன் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். சத்தம் போடவில்லை.

"கொற சொன்னா எறங்கி வருவாங்கன்னு ஒங்களுக்குப் பழக்கம். ஒங்க கடையில வச்சிக்குங்க. இது விக்க வந்த சரக்கு இல்ல. எம் புள்ள."

சொல்லிவிட்டு அவர் தள்ளி வைத்த தட்டை எடுத்துக்கொண்டாள். குழம்புச் சட்டியையும் சோற்றுச் சட்டியையும் மூடினாள். முட்டை வரவில்லை, அப்பளம் வரவில்லை. ரொஸ்னாவின் கையைக் கழுவிவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு தலை சீவ ஆரம்பித்தாள்.

மச்சான் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஹமீதாவைப் பார்த்தார். அவளுக்குத் திடீரென்று கொடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். காலையில் ஒரு கோப்பை காப்பியோடு கடை திறந்த மனிதர். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அவர் வயிறு போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

"சோறு இருக்கா?"

அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. ஹாஜரா சீப்பை நிறுத்தவில்லை.

"ரொஸ்னா எங்க இருப்பா?"

அவர் பதில் சொல்ல நேரமானது. ஒரு கிராம்பு மூட்டையை விலை பேசி முடிக்கிற நேரம் ஆனது. நடுவில் ஒருதரம் வாயைத் திறந்து, "இப்ப வேணாம்னா அடுத்த கப்பல்..." என்று ஆரம்பித்தார். அவள் நிமிரவே இல்லை. அவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"இங்கதான்" என்றார் கடைசியில்.

"எப்பவும்?"

"எப்பவும்தான்லா."

ஹாஜரா பின்னலை முடித்து நுனியில் நாடா கட்டினாள். பிறகு எழுந்துபோய் மூடியைத் திறந்து அவருக்குப் பரிமாறினாள். புளி தூக்கலாக இருந்த அதே மீன் குழம்பை, முகர்ந்து பார்க்காமல், அவர் தின்று முடித்தார்.